ஸ்கூல் முடிச்சதும் போலீஸ் வேலை: பர்மாவில் ஜார்ஜ் ஆர்வெல் காக்கி போட்ட 5 ஆண்டுகள்

'1984', 'விலங்குப் பண்ணை' நாவல்களைப் படிக்காதவர்கள்கூட 'பிக் பிரதர்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அந்தப் பெயரை உலகத்துக்குக் கொடுத்த ஜார்ஜ் ஆர்வெல், எழுத்தாளர் ஆவதற்கு முன்பு போலீஸ் அதிகாரி. ஸ்கூல் முடிஞ்ச கையோடு, காலேஜ் பக்கமே போகாமல், 19 வயதில் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அவர் சேர்ந்த 'இந்திய இம்பீரியல் போலீஸ்'தான் இன்றைய ஐ.பி.எஸ்-க்கு முன்னோடி.

ஐந்தே வருடங்கள். நல்ல சம்பளம், பென்ஷன், அதிகாரம் எல்லாம் இருந்தும் வேலையை விட்டுவிட்டார். ஏன் சேர்ந்தார், ஏன் விட்டார்?

ஈட்டனில் படித்தவர் போலீஸுக்கு ஏன்?

ஆர்வெல்லின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். பிறந்தது 1903 ஜூன் 25, பீகாரின் மோதிஹாரியில். அப்பா ரிச்சர்ட் பிளேர், பிரிட்டிஷ் அரசின் அபின் துறையில் அதிகாரி. ஆமாம், அபின் விளைச்சலைக் கண்காணிக்க அரசாங்கமே ஒரு துறை வைத்திருந்தது. அம்மா ஐடா, பர்மாவின் மௌல்மேன் நகரில் வளர்ந்தவர். அவருடைய பிரெஞ்சுக் குடும்பத்துக்கு அங்கே மர வியாபாரம்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது அம்மா இங்கிலாந்து திரும்பிவிட்டார். அப்பா பல வருடங்கள் இந்தியாவிலேயே இருந்தார். மகனுக்கு அவர் கிட்டத்தட்ட அந்நியர்.

குடும்பத்துக்குப் பேர் இருந்தது, பணம் இல்லை. எரிக் படிப்பில் கெட்டி என்பதால் ஸ்காலர்ஷிப்பில் ஈட்டன் பள்ளிக்குப் போனார். பிரதமர்களை உருவாக்கும் பள்ளி அது. அங்கே போனதும் படிப்பில் ஆர்வம் போய்விட்டது. பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தார். 1921 கடைசியில் பள்ளியை முடிக்கும்போது மதிப்பெண் பட்டியலில் அவர் இடம் கீழே கிடந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு போக வேண்டுமென்றால் இன்னொரு ஸ்காலர்ஷிப் வேண்டும். அதற்கு வாய்ப்பில்லை என்று பள்ளி ஆசிரியர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். பென்ஷனில் காலம் தள்ளிக்கொண்டிருந்த அப்பாவால் சொந்தக் காசில் படிக்கவைக்க முடியாது. மிச்சம் இருந்தது, அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வழி: கீழைநாட்டில் அரசு வேலை.

நம்ம ஊரில் ப்ளஸ் டூ முடித்ததும் போட்டித் தேர்வுக்கு கோச்சிங் சென்டர் போவது மாதிரியேதான் அங்கேயும். சஃபோக் கடற்கரையில் சவுத்வோல்ட் என்ற ஊர். அங்கே ஒரு டியூட்டோரியலில் சேர்ந்து சில மாதங்கள் படித்தார். எழுத்துத் தேர்வில் தேறியவர்களில் 7-வது இடம். குதிரையேற்றத்தில் கிட்டத்தட்ட கடைசி. எந்த மாகாணம் வேண்டும் என்று கேட்டபோது பர்மாவைச் சொன்னார். பாட்டி மௌல்மேனில் இருந்தார் என்பது ஒரு காரணம். ஈட்டனில் அவரோடு படித்தவர்கள் பல்கலைக்கழகங்களுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இவர் தேர்ந்தெடுத்தது விநோதமான பாதை. ஈட்டனிலிருந்து போலீஸுக்குப் போனவர்கள் அபூர்வம்.

கொழும்பில் ஒரு உதை

1922 அக்டோபரில் கப்பல் கிளம்பியது. வழியில் கொழும்பு. பயணிகளின் சாமான்களை இறக்க உள்ளூர்க் கூலிகள் கப்பலில் ஏறினார்கள். ஒருவர் நீளமான தகரப் பெட்டியைத் தடுமாறித் தூக்கிக்கொண்டு போனார். யார் தலையிலாவது இடித்துவிடும்போல இருந்தது. மேற்பார்வைக்கு நின்ற வெள்ளைக்காரப் போலீஸ் சார்ஜென்ட் பார்த்தார். பின்னால் ஒரே உதை. அந்த மனிதர் டெக்கில் தள்ளாடிப் போய் விழப்பார்த்தார். பக்கத்தில் நின்ற பயணிகள், பெண்கள் உட்பட, அதை மெல்லிய குரலில் ஆமோதித்தார்கள்.

சாதாரண, நல்ல மனிதர்கள்தான் அவர்கள். 1940-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆர்வெல் இந்தச் சம்பவத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தார். உதைத்தவரைவிட, வேடிக்கை பார்த்தவர்களின் திருப்தியான முகம்தான் அவரை அதிகம் உறுத்தியிருக்கிறது. பதினெட்டு வருடம் கழித்தும் மறக்கவில்லை. ஆனால் 1922-ல் அவர் அந்தப் பயணிகளில் ஒருவர். இன்னும் சில வாரங்களில் அவரும் அதே போலீஸ்.

வேலை என்ன?

மண்டலே போலீஸ் பயிற்சிப் பள்ளியில் சட்டம், காவல் நடைமுறை, பர்மிய மொழி, இந்துஸ்தானி. மொழி மட்டும் அவருக்குச் சீக்கிரம் வந்தது. பிறகு வரிசையாக மியாங்மியா, துவாந்தே, சிரியம், இன்செய்ன், மௌல்மேன், கத்தா என்று இடமாற்றம். ஒரு ஊர் பழகுவதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிடும்.

இருபது வயதில் ஐராவதி டெல்டாவில் அதிகாரி. துவாந்தேயில் அவர் பொறுப்பில் இருந்த பகுதியின் மக்கள்தொகை ஏறக்குறைய 2 லட்சம். ஸ்டேஷன்களை மேற்பார்வையிடுவது, குற்ற விசாரணை, இரவு ரோந்து, ஆவணங்கள் என எல்லாம் அவர் தலையில். இன்றைக்கு அந்த வயதில் ஒருவருக்கு இன்டர்ன்ஷிப் கிடைப்பதே பெரும்பாடு.

காலமும் நல்ல காலம் இல்லை. 1920-ல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். ஊ ஒத்தம போன்ற புத்த பிக்குகள் ஆட்சிக்கு எதிராகப் பேசிச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவில் நடந்தால் இளைஞர்கள் சிரிப்பார்கள். ஃபுட்பால் ஆடும்போது இடறிவிட்டால் கூட்டம் ஆரவாரிக்கும். வெள்ளைக்காரர்கள் எல்லார் மீதும் இந்த வெறுப்பு இருந்தது. ஆனால் தினமும் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது போலீஸ்காரர்தான்.

அந்த டெல்டாவுக்கும் தமிழகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நெல் விளைந்த ஊரெல்லாம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்தன. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். ஆர்வெல்லின் பர்மா எழுத்துகளில் தென்னிந்தியர்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

ரயில் நிலையத்தில் ஓங்கிய பிரம்பு

1924 நவம்பரில் ரங்கூனின் பகோடா ரோடு ரயில் நிலையம். படிக்கட்டில் ஓடிவந்த மாணவன் ஒருவன் தெரியாமல் மோதியதில் பிளேர் கீழே விழுந்தார். ஆத்திரத்தில் எழுந்து பிரம்பை அவன் தலைக்கு ஓங்கினார். கடைசி நொடியில் கையை மாற்றி முதுகில் அடித்தார்.

மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஏறிய ரயில் பெட்டியிலேயே ஏறி, அடுத்து இறங்கும் வரை வாதாடினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் மௌங் டின் ஆங். பிற்காலத்தில் ரங்கூன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர். சம்பவத்தைப் பதிவு செய்தவரும் அவரே. 'பர்மிய நாட்கள்' நாவலில் ஒரு வெள்ளைக்காரர் மாணவனைப் பிரம்பால் அடித்துக் கலவரத்தைக் கிளப்பும் காட்சி வருகிறது. அடிப்பவர் அந்தக் கதையின் மிக மோசமான இனவெறியர். தன் கையில் இருந்த பிரம்பை யார் கையில் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்வெல் அப்போதே ஏகாதிபத்திய எதிர்ப்பாளர், மனசாட்சியுள்ள போலீஸ்காரர் என்று ஒரு படம் வரையப்படுகிறது. அது பாதிதான் சரி. வேலைக்காரர்களையும் கூலிகளையும் கோபத்தில் அடித்ததை அவரே பிறகு எழுதியிருக்கிறார். ஆட்சி தப்பு என்று உள்ளுக்குள் தெரியும். தன்னைக் கேலி செய்யும் பிக்குகள் மேல் கொலைவெறியும் வரும். இரண்டும் ஒரே ஆளுக்குள், ஒரே நாளில்.

யாரிடமும் சொல்லவும் முடியாது. ஒருமுறை இரவு ரயிலில் கல்வித் துறையைச் சேர்ந்த, முன்பின் தெரியாத ஆங்கிலேயர் ஒருவரோடு பயணம். தூக்கம் வரவில்லை. ஜாக்கிரதையாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்து, இருவருக்கும் ஒரே எண்ணம் என்று தெரிந்ததும், இருட்டில் விடிய விடிய பிரிட்டிஷ் ஆட்சியைத் திட்டித் தீர்த்தார்கள். காலையில் மண்டலேயில் இறங்கியபோது, கள்ளத்தனம் செய்தவர்கள் மாதிரி முகம் பார்க்காமல் பிரிந்து போனார்கள்.

யானையும் தூக்குமேடையும்

1926-ல் மௌல்மேன். மதம் பிடித்த யானை ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு கடைவீதியில் புகுந்து ஒரு கூலித் தொழிலாளியை மிதித்துக் கொன்றது. துப்பாக்கியோடு போன அதிகாரி கண்டுபிடித்தபோது யானை அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. சுடத் தேவையே இல்லை. ஆனால் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். சுடாமல் திரும்பினால் சிரிப்பார்கள். சுடுகிறார். யானை சாக வெகுநேரம் ஆகிறது.

இது 1936-ல் வந்த 'யானையைச் சுடுதல்' கட்டுரை. நடந்ததா, பாதி கற்பனையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கூட்டத்தை அடக்க வந்தவன் கூட்டத்தின் பொம்மை ஆகிவிடுகிறான் என்பதைத்தான் கல்லூரிப் பாடங்களில் சொல்லித் தருவார்கள். நமக்குக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. செத்துப்போன அந்தத் தொழிலாளி ஒரு திராவிடர் என்கிறது கட்டுரை. சேற்றில் முகம் புதைந்து கிடக்கிறார், பெயர் இல்லை. அவரைவிட யானைக்கு விலை அதிகம் என்று வெள்ளைக்கார இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஆள் செத்தது நல்லதாய்ப் போயிற்று, யானையைச் சுட்டதற்குச் சட்டப்படி காரணம் கிடைத்தது என்று அதிகாரியும் நிம்மதி அடைகிறார். அதைத் தன்மையில், கூசாமல் எழுதிவைத்தது சின்ன விஷயம் இல்லை.

1931-ல் வெளியான 'ஒரு தூக்கு' கட்டுரையில் தண்டனைக் கைதி ஓர் இந்து. தலைமை ஜெயிலர் பிரான்சிஸ் என்ற திராவிடர். மேடைக்கு நடக்கும் கைதி, வழியில் கிடந்த மழைநீர்க் குட்டையை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறார். இன்னும் சில நிமிடத்தில் சாகப் போகிறவர், கால் நனையக் கூடாதென்று ஒதுங்குகிறார். ஆரோக்கியமாக உயிரோடு இருக்கும் ஒருவரை அழிப்பது என்றால் என்ன என்று எழுதியவருக்கு உறைத்தது அந்த ஓர் அடியில்தான். எல்லாம் முடிந்ததும் அதிகாரிகள் சிரித்துப் பேசி விஸ்கி குடிக்கிறார்கள்.

'பர்மிய நாட்கள்' நாயகன் ஃப்ளோரிக்கு ஊரில் இருக்கும் ஒரே நண்பரும் நம் பக்கத்துப் பெயர் கொண்டவர்: டாக்டர் வீராசாமி. விந்தை என்னவென்றால் பிரிட்டிஷ் ஆட்சியை டாக்டர் புகழ்வார், ஆங்கிலேயர் திட்டுவார். கடைசிப் பணியிடமான கத்தாதான் நாவலின் களம். அவதூறு வழக்குக்குப் பயந்து லண்டன் பதிப்பாளர்கள் தயங்கியதால் 1934-ல் முதலில் அமெரிக்காவில் வந்தது. அடுத்த ஆண்டு பெயர்களை மாற்றி லண்டனில் வெளியிட்டார்கள்.

ராஜினாமா

1927-ல் கத்தாவில் டெங்கு காய்ச்சல். ஜூலையில் மருத்துவ விடுப்பில் ஊர் திரும்பினார். செப்டம்பரில் குடும்பத்தோடு கார்ன்வாலில் விடுமுறையில் இருந்தபோது, திரும்பிப் போகப் போவதில்லை, எழுதப் போகிறேன் என்று அறிவித்தார். அதுவரை ஒரு புத்தகம்கூட வெளிவரவில்லை. வாழ்நாளெல்லாம் அரசு வேலையில் இருந்த அப்பாவுக்கு இது பேரிடி. 1928 ஜனவரி 1-ம் தேதியோடு வேலை போனது.

'வீகன் பியருக்கான பாதை' புத்தகத்தில் காரணத்தை விரிவாகச் சொல்கிறார். குற்றவாளிக் கூண்டில் நின்ற முகங்கள், தூக்குக்குக் காத்திருந்தவர்கள், தான் அதட்டிய வயதான விவசாயிகள், அடித்த கை எல்லாமே துரத்தின. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் சந்தேகக் கைதியை மிரட்டுவதைப் பார்த்த அமெரிக்கப் பாதிரியார், இவர் செய்யும் வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று இரக்கத்தோடு சொன்னாராம். அது அவருக்கு ரொம்ப அவமானமாகப் போனது.

பிராயச்சித்தம் போல, கிழிந்த உடுப்போடு லண்டன் ஏழைகளின் தங்கும் விடுதிகளில் போய்ப் படுத்தார். பாரிஸ் ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். அந்த அனுபவத்தை எழுதிய புத்தகம் 1933-ல் வந்தபோதுதான் 'ஜார்ஜ் ஆர்வெல்' என்ற பெயர் முதன்முதலாக அச்சில் ஏறியது. ஸ்பெயின் போரில் கழுத்தில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். 1941 முதல் 1943 வரை பிபிசியின் கிழக்கத்திய சேவையில் வேலை. இந்தியாவுக்கான செய்தி விமர்சனங்களை ஆங்கிலத்தில் எழுதித் தருவார். தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்து வாசிப்பார்கள்.

'1984'-ல் விசாரணை அறைக் காட்சிகள் ஏன் அவ்வளவு நம்பும்படி இருக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்பதும் ஒரு பதில். ஆர்வெல் பர்மாவைப் பற்றி ஒன்று இல்லை, மூன்று நாவல் எழுதினார். 'விலங்குப் பண்ணை'யும் '1984'-ம் மற்ற இரண்டு என்று ராணுவ ஆட்சிக் கால மியான்மரில் ஒரு ஜோக் உலவியது.

'1984' வெளிவந்தது 1949 ஜூனில். அப்போது காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்தார். அந்த ஆண்டு அடுத்த கதைக்காகக் குறிப்பெடுத்து சில பக்கங்களும் எழுதினார். பர்மாவில் வேலை பார்த்த ஓர் இளைஞன், 1927-ல் கப்பலில் இங்கிலாந்து திரும்புகிறான். அதற்கு மேல் கதை நகரவில்லை. 1950 ஜனவரி 21 அன்று லண்டன் மருத்துவமனையில், 46 வயதில் இறந்துபோனார்.