வீடு தேடி வந்த மகாலட்சுமி!

செந்தாமரை மேல் நின்ற திருக்கோலம். பின்னிரு கரங்களில் தாமரை மலர்கள். பக்கத்தில், துதிக்கையில் மாலை ஏந்திய யானை. மகாலட்சுமி என்றதுமே நம் மனக்கண்ணில் இப்படித்தானே அன்னை காட்சி தருகிறாள்? வெள்ளைப் புடவை உடுத்தி, பாறை மேல் அமர்ந்து, மயில் அருகிருக்க வீணை மீட்டும் சரஸ்வதியும் அப்படித்தான். வரலட்சுமி விரதத்துக்கும் நவராத்திரிக்கும் நாம் பூச்சூட்டி வணங்கும் இந்தத் திருவுருவங்களை வரைந்து தந்தவர் ராஜா ரவிவர்மா.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில், 1848-ஆம் வருஷம் ஏப்ரல் 29-ஆம் தேதி பிறந்தவர். தந்தை சம்ஸ்கிருத பண்டிதர். தாயார் உமாம்பா பாய், பார்வதியின் சுயம்வரத்தைப் பாட்டாகப் பாடிய கவிஞர். புராணக் கதைகளும் கதகளிப் பதங்களும் எந்நேரமும் ஒலித்துக் கொண்டிருந்த வீடு அது. குழந்தை ரவி சுவரெல்லாம் கரியால் யானையும் குதிரையுமாகக் கிறுக்கி வைப்பானாம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள, தாய்மாமன் ராஜராஜவர்மா மட்டும் அந்தக் கிறுக்கலில் இருந்த உயிரைக் கண்டுகொண்டார். அவரே தஞ்சாவூர் பாணியில் படம் எழுதத் தெரிந்தவர். மருமகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, 14 வயதில் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன்னால் நிறுத்தினார்.

மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது. ஆனால், குரு கிடைக்கவில்லை! எண்ணெய் வர்ணத்தில் எழுதுவது அப்போது நம் தேசத்துக்குப் புதுசு. அந்த வித்தை தெரிந்த அரண்மனை ஓவியர், மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர், சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான், குருவுக்குத் தெரியாமல் ராத்திரி வேளைகளில் வந்து சூட்சுமங்களைச் சொல்லிக் கொடுத்தார். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா.

1870-ல் கொல்லூர் மூகாம்பிகை சந்நிதியில் 41 நாள் விரதம் இருந்தார். அதை முடித்துக்கொண்டு திரும்புகிற வழியில், கோழிக்கோட்டில்தான் கூலி பெற்று எழுதும் முதல் ஓவிய வேலை அமைந்தது என்பார்கள். அம்பிகையின் அனுக்கிரகம், வேறென்ன!

1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம். 1876-ல் அவர் அனுப்பியது சகுந்தலை. காளிதாசனின் நாயகி, தோழியர் சூழப் புல்தரையில் சாய்ந்தபடி தாமரை இலையில் மடல் எழுதுகிற காட்சி. அதைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே விலைக்கு வாங்கிக்கொண்டார். சகுந்தலையை ரவிவர்மா பிற்பாடும் விடவில்லை. காலில் முள் தைத்ததுபோல் பாசாங்கு செய்து, தோழியின் தோளைப் பற்றியபடி திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் படத்தில் துஷ்யந்தன் இல்லவே இல்லை! அவள் பார்வையிலேயே அவன் நிற்கிறான். ஒரு பெரிய கதையிலிருந்து எந்தக் கணத்தைப் பொறுக்கி எடுப்பது என்பதில்தான் அவர் சாமர்த்தியம் இருந்தது. அன்னத்தின் எதிரே மெய்ம்மறந்து நிற்கும் தமயந்தியைப் பார்த்தாலே இது புரியும்.

பரோடா மன்னர் தன் லட்சுமி விலாஸ் அரண்மனைக்காகப் புராண, இதிகாசக் காட்சிகள் 14 எழுதித் தரச் சொன்னார். 1888-ல் தம்பி ராஜராஜவர்மாவுடன் (மாமாவின் பெயரேதான்!) வடநாடு முழுக்க யாத்திரை கிளம்பினார் ரவிவர்மா. சீதைக்கும் திரௌபதிக்கும் எந்த ஊர் உடை பொருந்தும் என்று தேடி அலைந்தார்கள். எத்தனையோ விதமான உடைகளைப் பார்த்தும், கடைசியில் அவர் மனசுக்குப் பிடித்தது புடவைதான்!

அவர் கடல் தாண்டியதே இல்லை. படங்கள் தாண்டின. விவேகானந்தர் பேசிய அதே 1893-ல், அதே சிகாகோ பொருட்காட்சியில், ரவிவர்மாவின் 10 ஓவியங்கள் வைக்கப்பட்டுப் பரிசும் பெற்றன.

இவ்வளவும் அரண்மனைச் சுவர்களோடு நின்றிருந்தால், நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவராவ் ஒரு யோசனை சொன்னார். கேட்கிறவர்களுக்கெல்லாம் இரண்டு கைகளால் எழுதிக் கொடுத்து மாளாது, படங்களை அச்சடித்துப் பரப்பலாமே என்று. மாதவராவ் மறைந்த பிறகு, 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தார்கள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடும் முறை. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் ஜனனம். பின்னாலேயே லட்சுமியும் சரஸ்வதியும்!

அந்த நாளில் எத்தனையோ ஜனங்களுக்குக் கோயில் வாசலைத் தாண்டவே உரிமை இல்லை. கருவறையில் இருக்கும் தாயார் எப்படி இருப்பாள் என்று காதால் கேட்டதோடு சரி. அவர்களும் கடைத்தெருவில் ஒரு படத்தை வாங்கி, சுவரில் மாட்டி, தங்கள் கையாலேயே விளக்கேற்ற முடிந்தது. பெண்கள் அந்தப் படங்களுக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டிவிட்டு மகிழ்ந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அப்படிப்பட்ட பழைய படங்களை இன்றும் பார்க்கலாம். தெய்வங்களை நாடக மேடை மனிதர்கள்போல ஆக்கிவிட்டார் என்று விமர்சித்த அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். விளக்கேற்றியவர்களுக்கு அவள் தாயாகத்தான் தெரிந்தாள்.

அச்சகத்தால் லட்சுமி எல்லார் வீட்டுக்கும் போனாள், ரவிவர்மா வீட்டைத் தவிர! மும்பையைப் பிளேக் நோய் உலுக்கியது. கடன் ஏறியது. லோனாவாலா பக்கம் இடம் மாற்றியும் பயனில்லை. கடைசியில், தன்னிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைஷருக்கே விற்றுவிட்டார். துயரங்களும் தொடர்ந்தன. ஊர் ஊராகச் சுற்றிய கணவரைப் பிரிந்து மாவேலிக்கரையில் வாழ்ந்த மனைவி பாகீரதி பாய், அச்சகம் தொடங்குவதற்கு முன்பே 1891-ல் காலமாகியிருந்தார். மைசூர் மகாராஜாவுக்காகப் புராணக் காட்சிகள் எழுதிக் கொண்டிருந்தபோது, 1905-ல் தம்பியும் போய்ச் சேர்ந்தார். நிழல்போல் கூடவே இருந்து, படங்களின் பின்னணியில் மலையும் மரமும் எழுதித் தந்தவர். சர்க்கரை நோயின் உபத்திரவத்தோடு, எடுத்த வேலையைத் தனியாகவே முடித்துக் கொடுத்த ரவிவர்மா, 1906 அக்டோபர் 2-ஆம் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே கண்மூடினார். வயது 58.

அவருடைய பேத்திகள் இருவரை 1900-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்து எடுத்திருந்தது. அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா. 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டவர் இந்தக் கொள்ளுப்பேரன்தான்!

மைசூர் போகிறவர்கள், ஜகன்மோகன் அரண்மனைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவர் கடைசியாக எழுதிய புராணக் காட்சிகள் அங்கேதான் இருக்கின்றன.