மின்னெட் டி சில்வா

மின்னெட் டி சில்வா (பெப்ரவரி 1, 1918 – நவம்பர் 24, 1998) இலங்கையைச் சேர்ந்த ஒரு கட்டிடக்கலைஞர் ஆவார். அந்நாட்டில் இத்துறையில் முறையான பயிற்சி பெற்ற முதற் பெண் இவரே. 1948 ஆம் ஆண்டில், பிரித்தானியக் கட்டிடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்ட முதல் ஆசியப் பெண் என்ற சிறப்பையும் பெற்றார். மலைநகரமான கண்டியைக் களமாகக் கொண்டு, நவீன கட்டிடக்கலையையும் அப்பகுதியின் மரபுவழிக் கைவினைகளையும் ஒரே கட்டிடத்தில் இணைத்ததே இவரது முதன்மையான பங்களிப்பு ஆகும். எனினும் இவர் அமைத்த கட்டிடங்களுட் பல இன்று இல்லை. எஞ்சியவற்றுட் சில சிதைந்தும் பல மாற்றங்களுக்கு உட்பட்டும் உள்ளன.

பிறப்பும் குடும்பமும்

மின்னெட் கண்டியில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா சிங்கள பௌத்தர், வழக்கறிஞர், இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராகவும் பின்னர் அமைச்சராகவும் இருந்தவர். தாய் ஆக்னசு நெல் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவர். இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காக டொனமூர் ஆணைக்குழுவின் முன் வாதாடியோருள் ஒருவர். 1931 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அனைவருக்குமான வாக்குரிமையில் அவருக்கும் பங்குண்டு. மின்னெட்டின் தமக்கை அனில் டி சில்வா கலை வரலாற்றாய்வாளர். பம்பாயில் 1946 இல் தொடங்கப்பட்ட மார்க் என்னும் கலை இதழை முல்க் ராஜ் ஆனந்துடன் இணைந்து உருவாக்கியவர்.

கண்டியின் கைவினைஞர்கள் மீது மின்னெட் கொண்ட ஈடுபாட்டிற்கு முன்னோடி ஒருவர் உண்டு. சர் முத்து குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிமவியல் ஆய்வாளராகப் பணிபுரிந்தபோது கண்டிப் பகுதியின் சிற்பிகள், நெசவாளர்கள், அரக்கு வேலை செய்வோர் ஆகியோரின் தொழில்முறைகளை ஆவணப்படுத்தி 1908 இல் நூலாக வெளியிட்டார். அவர் பதிவு செய்த கைவினைகளுக்கு வாழும் கட்டிடங்களில் வேலை கொடுத்தவர் மின்னெட் எனலாம்.

கல்வி

அக்காலத்தில் இலங்கையில் கட்டிடக்கலைக் கல்லூரி எதுவும் இருக்கவில்லை. எனவே மின்னெட் பம்பாய் சென்று சர் ஜே. ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியின் விடுதலையைக் கோரிய பேரணியில் கலந்துகொண்டமைக்காக மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பின்னர், செருமனியில் இருந்து வெளியேறி மைசூர் அரசின் தலைமைக் கட்டிடக்கலைஞராக இருந்த ஒட்டோ கேனிக்சுபெர்கரிடம் பெங்களூரில் பணியாற்றினார். நகரத் திட்டமிடல், மலிவு விலை வீடுகள் ஆகியவற்றில் இவருக்குப் பயிற்சி கிடைத்தது இங்கேதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இலண்டனில் உள்ள கட்டிடக்கலைக் கழகப் பள்ளியில் படிப்பை நிறைவு செய்தார். 1947 இல் இங்கிலாந்தின் பிரிட்சுவாட்டரில் நடைபெற்ற நவீன கட்டிடக்கலைக்கான அனைத்துலக மாநாட்டில் பங்கேற்றார். லெ கொர்பூசியேயுடன் ஏற்பட்ட நட்பும் கடிதத் தொடர்பும் பல்லாண்டுகள் நீடித்தன. இந்த நட்பைப் பற்றிப் பேசுவோர் பலர் இவரது கட்டிடங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்பது ஒரு குறையே.

கண்டியில் பணி

இலங்கை 1948 இல் விடுதலை பெற்றதை அடுத்து நாடு திரும்பிய மின்னெட், செயின்ட் ஜார்ஜசு எனப்பட்ட கண்டிக் குடும்ப வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கினார். தலைநகரான கொழும்பிலன்றி ஒரு சிறு மலைநகரில், அதுவும் தனித்துத் தொழில் நடத்திய பெண்ணாக இருந்ததால், ஒப்பந்தக்காரர்களின் ஐயப்பாட்டை இவர் அடிக்கடி எதிர்கொள்ள நேர்ந்தது.

முதற் கட்டிடமான கருணாரத்ன வீடு 1949 முதல் 1951 வரையான காலத்தில் கண்டியின் மலைச்சரிவு ஒன்றில் அமைக்கப்பட்டது. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், நிலத்தின் போக்கிலேயே தளங்கள் வெவ்வேறு மட்டங்களில் அமைந்தன. கட்டிடத்தின் எலும்புக்கூடு வலிதாக்கிய காங்கிறீற்று. கண்ணாடிக் கற்களும் உண்டு. ஆனால் கதவுகளில் பொருத்தப்பட்டவை தும்பறைப் பகுதி நெசவாளர்கள் நாரால் நெய்த பாய்கள். சுடுமண் ஓடுகளில் கண்டி நடனக் கலைஞர்களின் உருவங்கள் வார்க்கப்பட்டன. மாடிப்படியின் கைப்பிடிகளில் அரக்கு வேலைப்பாடு செய்யப்பட்டது. சுவரோவியத்தை வரைந்தவர் கண்டியில் பிறந்த ஓவியர் ஜார்ஜ் கீற்று. இவை கட்டி முடித்த வீட்டில் ஒட்டிய அலங்காரங்கள் அல்ல. கதவு, தரை, படி என வீட்டின் உறுப்புகளாகவே கைவினைகள் இடம்பெற்றமையால், அவற்றைச் செய்வோருக்கு அருங்காட்சியகத்திற்கு வெளியே ஒரு சந்தை உருவாக வாய்ப்பிருந்தது.

இந்த வீட்டைப் பற்றி 1953 இல் மார்க் இதழில் எழுதிய கட்டுரையில், தமது முறையை நவீன வட்டாரக் கட்டிடக்கலை என்று மின்னெட் பெயரிட்டார். இதனையொத்த கருத்து மேற்கத்திய ஆய்வாளர்களிடையே விமரிசன வட்டாரவியம் என்ற பெயரில் பரவியது 1980களிலேயே ஆகும்.

கொழும்பில் பீரிசு வீடு, சேனாநாயக்க அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றையும் 1950களில் அமைத்தார்.

வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம்

கண்டியில் அரச ஊழியர்களுக்காக 1955 முதல் 1958 வரை உருவாக்கப்பட்ட இத்திட்டத்தில் சுமார் 250 வீடுகள் இருந்தன. வரைபடம் தீட்டுவதற்கு முன்பே, குடியேறவிருந்த குடும்பங்களுக்கு வினாக்கொத்து வழங்கி, அவர்களது வருமானம், குடும்ப அளவு, சமையல், வழிபாடு போன்ற பழக்கங்களைக் கேட்டறிந்தார். விடைகளைக் கொண்டு சில அடிப்படை வீட்டு வகைகளை வகுத்து, அவற்றைக் குடும்பத்திற்கேற்ப மாற்றிக்கொடுத்தார். சிங்களவர், தமிழர், முசுலிம்கள், பறங்கியர் ஆகியோர் அருகருகே வாழும் குடியிருப்பாக இது அமைந்தது. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் நாட்டைப் பிளவுபடுத்திய ஆண்டுகளில் இது உருவானது என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

1960களில் பணிகள் குறைந்தன. உடல்நலக் குறைவும், தாயின் மறைவும், நீண்ட பயணங்களும் இதற்குக் காரணங்கள். 1970களில் இலண்டனில் தங்கியிருந்து, பானிசுட்டர் பிளெச்சரின் புகழ்பெற்ற கட்டிடக்கலை வரலாற்று நூலின் புதிய பதிப்பிற்குத் தெற்காசியா பற்றிய பகுதியை எழுதினார். 1975 முதல் 1979 வரை ஆங்காங் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். நாடு திரும்பியபின், தலதா மாளிகைக்கு அருகில் கண்டிக் கலைச் சங்கத்திற்கான பண்பாட்டு மையத்தை 1982–1984 காலத்தில் அமைத்தார். 1996 இல் இலங்கைக் கட்டிடக்கலைஞர் நிறுவனம் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இரண்டாண்டுகளின் பின் கண்டியில் வறிய நிலையில் காலமானார்.

கட்டிடங்களின் நிலை

1940 இல் இயற்றப்பட்ட இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், தொல்பொருள் என்பதற்கான கால எல்லையாக 1815 மார்ச் 2 ஐ, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாளைக் கொண்டது. இந்தியாவின் 1958 ஆம் ஆண்டுச் சட்டமும் நினைவுச்சின்னங்களுக்கு நூறு ஆண்டு வயதை எதிர்பார்க்கிறது. இத்தகைய அளவுகோல்களின்படி 1950களின் கட்டிடங்கள் மரபுரிமை ஆவதில்லை. 1988 இல் கண்டி நகரம் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைக் களமானபோதும் முதன்மை பெற்றவை தலதா மாளிகையும் மன்னர்காலக் கட்டிடங்களுமே.

கருணாரத்ன வீடு பிற்காலத்தில் பராமரிப்பின்றிச் சீர்குலைந்தது. மின்னெட்டின் இல்லமும் அலுவலகமுமாக இருந்த செயின்ட் ஜார்ஜசு பாழடைந்தது. வரைபடங்களுள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இதனால், ஒளிப்படங்கள், கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றைத் தொகுத்து இவர் உருவாக்கிய, 1998 இல் வெளியான தன்வரலாற்று நூலின் முதற் தொகுதியே ஆய்வாளர்களுக்கு ஓர் ஆவணக்காப்பகம் போல் பயன்படுகிறது. மாறாக, இவருக்குப் பின் இத்துறைக்கு வந்து உலகப் புகழ் பெற்ற ஜெப்ரி பாவாவின் படைப்புகளைப் பேண அறக்கட்டளைகள் உள்ளன. அவர் கொழும்பில் கட்டிய ஏனா டி சில்வா வீடு, 2009 இல் அதன் நிலம் விற்கப்பட்டபோது பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் கட்டப்பட்டது.

அண்மைக் காலத்தில் மின்னெட் மீதான கவனம் கூடியுள்ளது. இவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட புதினம் ஒன்று 2019 இல் வெளிவந்தது. 2022 இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தெற்காசியாவின் விடுதலைக்குப் பிந்திய கட்டிடக்கலை பற்றி நடத்திய கண்காட்சியிலும் இவரது பணி இடம்பெற்றது. வட்டபுளுவவில் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. அவ்வீடுகளுட் பல உரிமையாளர்களால் விரிவாக்கப்பட்டும் மாற்றியமைக்கப்பட்டும் உள்ளன.