ரேடியம் கண்ட அம்மையார்

மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் தோரியம் உண்டு. அது கதிர் வீசுவதை 1898-ல் கண்டறிந்தோரில் ஒருவர் மேரி கியூரி அம்மையார். 1867-ல் போலந்து நாட்டு வார்சாவில் பிறந்தவர். பாரிஸில் ஒழுகும் கொட்டகையில் கணவர் பியரியுடன் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி ரேடியம் எடுத்தார். நோபல் பரிசு இருமுறை கிடைத்தது. ரேடியக் குழாயைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பாராம்! முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குத் தக்க காப்பின்றி எக்ஸ்ரே எடுத்தார். விரல்கள் வெந்தும் பொருட்படுத்தவில்லை. பிறகு கண்ணில் புரை விழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்ட கதிர், கடைசியில் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையே கெடுத்தது. 1934 ஜூலை 4-ல் காலமானார். அவரது நோட்டுப் புத்தகங்கள் இன்றும் கதிர் வீசுகின்றன.

நம் கடற்கரை மணலின் கதிரோ சிறுகச் சிறுகப் படுவது. கருநாகப்பள்ளி மக்களைப் பல்லாண்டு கவனித்த திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள், அதனால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் வெளியிட்டனர்.