சுருள்வில்லின் கணக்கறிந்த பிரௌனிங்

அமெரிக்காவின் யூட்டா பகுதியிலுள்ள ஆக்டன் நகரில் 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் பிறந்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். தந்தை ஜோனதன் துப்பாக்கி செய்யும் தொழிலாளி. அவருடைய பட்டறையே மைந்தனுக்குக் கல்லூரி ஆயிற்று. 1879இல், தம் 24ஆம் வயதில், ஒரு துப்பாக்கிக்கு முதல் காப்புரிமை பெற்றார். 1883இல் வின்செஸ்டர் நிறுவனம் அதன் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிற்று. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 128.

அவர் புகழுக்கு மகுடமாய் அமைந்தது 1911ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கி. குண்டு முன்னே பாய, பின்னியக்கத்தால் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னே நகர்கிறது. வெற்றுக் கூடு வெளியேறுகிறது. குழலுக்குக் கீழே ஒடுங்கிய சுருள்வில் மீண்டும் விரிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியும் ஹூக்கின் விதியும் கைகோத்து நிற்கும் காட்சி இது!

இந்த அமைப்பு ஒரே நாளில் வாய்த்ததன்று. பல ஆண்டுகள் மாதிரிகளைச் செய்தும் திருத்தியும் வந்தார் பிரௌனிங். 1911 மார்ச்சில் நடந்த இராணுவச் சோதனையில் இரண்டே நாட்களில் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது துப்பாக்கியை நீரில் அமிழ்த்திக் குளிர்வித்தனர். ஒருமுறைகூட அது தடைப்படவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கியோ 37 முறை பழுதுபட்டது. மார்ச் 29ஆம் நாள் இராணுவம் பிரௌனிங்கின் படைப்பை ஏற்றது.

இத்தகைய துப்பாக்கியின் சுருள்வில்லை மாற்றலாமா என்று இன்றும் சிலர் வினவுகின்றனர். உதைப்பைக் குறைக்க விறைப்பான வில்லைப் போட்டால், மேற்பகுதி முழுத் தொலைவு பின்செல்லாமல் வெற்றுக் கூடு சிக்கிக்கொள்ளக் கூடும். திரும்பும் வேகமோ மிகுந்து, அடுத்த தோட்டா மேலெழுமுன் வாய் மூடிவிடலாம். தளர்ந்த வில்லைப் போட்டால் மேற்பகுதி சட்டத்தில் ஓங்கி மோதும்; தோட்டாவைச் செலுத்தவும் வலு போதாது. தோட்டாவின் ஆற்றல் மாறினால் வில்லும் மாறத்தான் வேண்டும். நாளாவட்டத்தில் வில் சோர்ந்தால் அதே விறைப்புள்ள புதுவில் போதும். மற்றபடி ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவது, சமன்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் திருத்துவதற்கு ஒப்பாகும்.

1920களில் இராணுவம் விசையையும் கைப்பிடியையும் திருத்திற்று. இயங்கும் முறையைத் தொடவில்லை. 1985 வரை அதுவே அந்நாட்டு இராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கி.

1926 நவம்பர் 26ஆம் நாள், பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொழிற்சாலையில், பணியிடத்திலேயே பிரௌனிங் உயிர் நீத்தார். அவர் முடிக்காது விட்ட மற்றொரு கைத்துப்பாக்கியைச் சேவ் என்ற பொறியாளர் 1935இல் நிறைவு செய்தார்.

கருவி கொல்லவும் காக்கவும் வல்லது. அதுபற்றிய அறவாதம் வேறு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நமக்கு அவர் வாழ்வு ஒன்றை உணர்த்துகிறது: திருத்த விரும்புகிறவன் முதலில் கணக்கிட வேண்டும், பிறகு 6,000 முறை சோதிக்கவும் வேண்டும்.