தாமஸ் ஜெர்டன்

தாமஸ் காவரில் ஜெர்டன் (அக்டோபர் 12, 1811 – ஜூன் 12, 1872) ஒரு பிரித்தானிய மருத்துவரும் விலங்கியலாளரும் ஆவார். தென்னிந்தியாவின் முதுகெலும்பிகளை ஐந்து பிரிவுகளிலும் ஆராய்ந்து நூல்களும் பட்டியல்களும் எழுதியமைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்த இவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். கிழக்கிந்தியக் கம்பனியின் துணை அறுவை மருத்துவராக 1836இல் சென்னைக்கு வந்தார். நீலகிரி, நெல்லூர், தலச்சேரி முதலிய இடங்களில் விலங்குகளைச் சேகரித்து ஆராய்ந்தார். 1870இல் நாடு திரும்பிய இவர், இலண்டனில் காலமானார்.

முதுகெலும்பிகள் பற்றிய ஆய்வுகள்

மீன்கள்: செவுள்களால் மூச்சுவிட்டுத் துடுப்புகளால் நீந்துபவை. காவிரியில் வாழும், கர்நாடிகசு என்னும் சிற்றினப் பெயருடைய கெண்டை மீனை 1849இல் இவர் விவரித்தார்.

நீர்நில வாழ்வன: ஈரத்தோல் உடையவை, பெரும்பாலானவை இளமையில் நீரில் வளர்ந்து, பின்னர் நுரையீரல் பெறுகின்றன. அக்காலத்தில் பலர் இவற்றை ஊர்வனவற்றுடன் சேர்த்தே எண்ணினர். ஜெர்டனும் 1853ஆம் ஆண்டின் ஊர்வனப் பட்டியலிலேயே தவளைகளையும் சேர்த்தார்.

ஊர்வன: உலர்ந்த, செதில் போர்த்த தோல் உடையவை. மேற்படி பட்டியலில் பல்லி இனங்கள் சிலவற்றை இவர் புதிதாக விவரித்தார்.

பறவைகள்: இறகுகளும் அலகும் உடைய வெப்பக் குருதி விலங்குகள். நீலகிரிச் சிரிப்பானை 1839இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 1862–1864இல் வெளிவந்த இவரது இந்தியப் பறவைகள் நூல் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்களை விவரிக்கிறது.

பாலூட்டிகள்: உரோமம் உடையவை, குட்டிகளுக்குப் பாலூட்டுபவை. இவற்றைப் பற்றிய நூல் 1867இல் வெளியானது.

இவை தவிர, தென்னிந்திய எறும்புகளின் பட்டியலையும் 1851இல் வெளியிட்டார்.

ஓவியங்கள்

1843 முதல் 1847 வரை சென்னையில் வெளியான இவரது பறவை நூலில் 50 வண்ணப் படங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றின் மூல ஓவியங்களை இந்திய ஓவியர்கள் வரைந்தனர்.

ஜெர்டன் கல்குருவி

ஜெர்டன் கண்டறிந்த இப்பறவைக்கு, 1848இல் எட்வர்ட் பிளைத் அறிவியற் பெயரிட்டார். இரவில் இரைதேடும் இப்பறவை 1900க்குப் பின் காணப்படாமையால் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1986இல் கடப்பா மாவட்டத்தில், உள்ளூர்ப் பறவை பிடிப்போரின் உதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷன் இதை மீண்டும் கண்டறிந்தார். பிடிபட்ட பறவை விரைவில் இறந்துவிட்டது. பின்னர் இதன் வாழிடத்தைக் காக்க லங்கமல்லேசுவரா சரணாலயம் அமைக்கப்பட்டது. எனினும், வாழிடமான புதர்க்காடுகள் குறைந்துவருவதால் இது மிக அருகிய இனமாகவே உள்ளது.