பப்பான் 74-ஆம் எண் வீடு

ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜப்பான்காரன் காலம் என்ற பேச்சு புதிதல்ல. பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பார்கள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. துணி கிடைக்காமல் கோணிச் சாக்கைத் தைத்து உடுத்திய கதை. சியாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க வருகிறார்கள் என்றதும் ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிந்த கதை. 1942 ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானியப் படகுகள் கோலசிலாங்கூர் கடலோரத்துக்கே வந்தன. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் சண்டை நடந்தது. நம் வீட்டு வாசல் வழியாகப் போன போர் அது.

அந்த நாள்களைப் பற்றிப் பேசும்போது நாம் பட்ட பசியைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பயத்துக்கு நடுவிலும் அடுத்தவருக்காகக் கதவைத் திறந்து வைத்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. அப்படித் திறந்த கதவு ஒன்று பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகில், பப்பான் என்ற சிறிய ஈயச் சுரங்க ஊரில் இருந்தது. பெரிய தெரு, எண் 74. உள்ளே இருந்தவர் சிபில் கார்த்திகேசு.

பெயரைப் பார்த்துத் தமிழ்ப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். 1899 செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் ஒரு யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். சிபில் மேடான் டேலி என்பது பெற்றோர் வைத்த பெயர். பிறந்த ஊரையே பெயரோடு சேர்த்துவிட்டார்கள். தாயார் மருத்துவச்சி. மகளும் தாதிமைப் பயிற்சி பெற்று, பிரசவம் பார்க்கும் தொழிலில் கைதேர்ந்தவரானார். கேண்டனீஸ் மொழி அவருக்குச் சரளமாக வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல உயிர்களைக் காப்பாற்றியதில் இந்த மொழிக்கும் பங்கு உண்டு.

அவர் மணந்தவர் தைப்பிங்கில் பிறந்த தமிழர், டாக்டர் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை இந்துக் குடும்பத்துப் பிள்ளை. பெண் வீட்டில் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு மாப்பிள்ளையின் தந்தையின் சம்மதத்தோடு பேச்சு முடிந்து, 1919 ஜனவரி 7-ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த முதல் மகன் மைக்கேல் ஒரு நாள்கூட வாழவில்லை. அந்தத் துக்கத்துக்குப் பிறகு வில்லியம் என்ற ஆண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். அடுத்து ஓல்கா பிறந்தார். பல ஆண்டுகள் கழித்து 1936-இல் கடைக்குட்டி டோன்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். இன்று அது சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் வந்தார்கள். போர் மட்டும் வராமல் இருந்திருந்தால், ஈப்போவில் பலருக்குப் பிரசவம் பார்த்த அம்மா என்ற பெயரோடு அவர் வாழ்க்கை அமைதியாக முடிந்திருக்கும். அதுவும் நிறைவான வாழ்க்கைதான்.

1941 டிசம்பரில் ஈப்போவில் குண்டுகள் விழுந்தன. ஜப்பானியர் நகரைப் பிடிப்பதற்குச் சில நாள்கள் முன்பு குடும்பம் பப்பானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் சிபில் செய்தது தனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான்: மருந்துப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். சத்துணவு இல்லாத காலம். மலேரியா, ஆறாத புண், சொறி சிரங்கு என்று ஊர் முழுக்க நோய். பணம் உள்ளவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்களுக்கும் மருந்து கிடைத்தது.

பிறகு ஓர் இரவு வேறு வகையான நோயாளிகள் வந்தார்கள். பப்பானுக்குப் பின்னால் மலையும் காடும். அங்கே மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் மறைந்திருந்தார்கள். பெரும்பாலும் சீன இளைஞர்கள். தலைமை கம்யூனிஸ்டுகளிடம் இருந்தது. கடவுள் இல்லை என்று சொல்கிற இயக்கம் அது. கதவைத் தட்டியவர்களின் உடலில் துப்பாக்கிக் குண்டுகள் இருந்தன. செபமாலையைக் கையில் பிடித்து வளர்ந்த இந்தப் பெண், உள்ளே வாருங்கள் என்றார்.

விவிலியத்தில் நல்ல சமாரியன் கதையைப் படித்திருப்பீர்கள். அடிபட்டுச் சாலையோரம் கிடந்தவனைப் பார்த்த சமாரியன், நீ எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. சிபிலின் விசுவாசமும் அப்படித்தான் இருந்தது என்பது என் எண்ணம். அவர் அரசியலை அலசி முடிவெடுத்தவராகத் தெரியவில்லை. நேற்றுச் சிரங்கோடு வந்த பிள்ளைக்குச் செய்ததையே இன்று குண்டடிபட்டு வந்தவருக்கும் செய்தார். செய்த வேலை மாறவில்லை, அதன் விலைதான் ஏறிக்கொண்டே போனது.

மருந்து மட்டுமல்ல. வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியையும் ஒளித்து வைத்திருந்தார். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் பிபிசி செய்தியைக் கேட்டு, நம்பகமானவர்களிடம் சொல்லி அனுப்புவார். ஜப்பான் எங்கும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு, போர் முடியப் போகிறது என்ற ஒரு வரிச் செய்திகூட மருந்துதான்.

இப்படியே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியது. இரகசியம் எத்தனை நாள் தங்கும்? 1943-இல் கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் முதலில் கணவரைப் பிடித்தது. ஆகஸ்டில் சிபிலையும் கொண்டுபோனார்கள். வில்லியமும் தப்பவில்லை.

கெம்பெய்த்தாய் என்ன செய்யும் என்பதை நம் தாத்தாக்கள் சொல்லத் தயங்குவார்கள். நகங்களைப் பிடுங்கினார்கள். வயிறு முட்டத் தண்ணீரைப் புகட்டினார்கள். காய்ச்சிய கம்பியால் சூடு வைத்தார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போனது. பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடை உடைந்தது. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: காட்டில் இருப்பவர்கள் யார், உதவியவர்கள் யார், பெயரைச் சொல். அவர் சொல்லவில்லை.

கடைசியில் யோஷிமுரா என்ற சார்ஜண்ட், சிறுமி டோனை அழைத்து வரச் செய்தான். குழந்தையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்ட ஏற்பாடு செய்தான். தாயை எதிரிலேயே கட்டி வைத்து அடித்தான். அப்போதும் சிபில் பெயர்களைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று குழந்தையே தாயிடம் சொன்னதாக அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வழியாக வந்த ஒரு ஜப்பானிய அதிகாரி தலையிட்டுக் குழந்தையை இறக்கிவிடச் சொன்னதால் டோன் பிழைத்தாள்.

பெற்ற தாய் இப்படிச் செய்யலாமா? படிவம் நான்கு, ஐந்தில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் அவரைப் புகழ்ந்துவிட்டுப் போவது சரியல்ல. அவர் வாயைத் திறந்திருந்தால் டோன் உடனே பிழைத்திருப்பாள். ஆனால் பப்பானில் எத்தனை வீடுகளில் எத்தனை டோன்கள் இருந்தார்கள்? ஒரு பெயர் வெளியே வந்தால் அந்தக் குடும்பமே போய்விடும். கடவுள் என் பிள்ளையைக் காப்பாற்றிவிடுவார் என்ற உறுதி அவருக்கு அந்த நொடியில் இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். காப்பாற்றினாலும் காப்பாற்றாவிட்டாலும், பிள்ளையைக் கடவுளின் கையில் விட்டார் என்றே அதைப் புரிந்துகொள்கிறேன். உங்களில் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நானும் அந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது.

அவருக்கு ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்த பிறகு வெளியே வந்தபோது அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த நாள்களில்தான் தம் கதையை எழுதினார். அது அவர் இறந்த பிறகு, 1954-இல், நோ டிராம் ஆஃப் மெர்சி என்ற நூலாக வந்தது. கல்லூரி மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்கலாம், ஆங்கிலம் கடினமில்லை. யோஷிமுராவுக்குப் போர்க் குற்ற விசாரணையில் மரண தண்டனை கிடைத்தது.

1947-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கத்தை அவருக்கு வழங்கினார். ஆனால் தாடையில் பட்ட பழைய காயம் ஆறவே இல்லை. 1948 ஜூன் 12-ஆம் தேதி, 48-ஆவது வயதில், அதன் விளைவாகவே இறந்தார். ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்து நான்காம் நாள், ஜூன் 16-இல், சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. சிபில் காயம் கட்டிவிட்ட இயக்கத்துக்காரர்களே இப்போது அரசாங்கத்தின் எதிரிகள். அவருடைய கதை நம் பாடநூல்களில் பெரிய இடம் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யாருக்கு வைத்தியம் பார்த்தார் என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருந்திருக்கும். அவருக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை.

1949 மார்ச்சில் அவருடைய உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து, புரூஸ்டர் சாலையில் செயின்ட் மைக்கேல் தேவாலயத்துப் பக்கத்தில் உள்ள கத்தோலிக்க இடுகாட்டில் மறுபடியும் அடக்கம் செய்தார்கள். பிரசவம் பார்த்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, கணவரோடு கிளினிக் நடத்திய அதே சாலை. ஈப்போவில் இன்று அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது. பப்பானில் பெரும்பாலான கடை வீடுகள் பாழடைந்து கிடக்க, 74-ஆம் எண் வீட்டை மட்டும் அவர் நினைவாகப் பாதுகாத்து வருகிறார்கள். பள்ளி விடுமுறையில் ஈப்போ பக்கம் போனால், பத்து காஜா போகும் வழியில் சற்றுத் திரும்பி அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.