பெருமிதமும் பணிவும்: வைத்தியர் கிறீன்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை அறியாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. அந்தப் பெயருக்குரியவரின் வாழ்க்கையை அறிந்தவர்களும் குறைவுதான்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, 1847 இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். சமயப் பணியே தம்மை இங்கு கொண்டுவந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. தாம் கற்ற மருத்துவத்தில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. அதன் தரத்தை எவருக்காகவும் குறைக்க அவர் இணங்கவில்லை.

அப்படிப்பட்டவர் தமிழ் படிப்பதற்கு மாணவராக அமர்ந்தார். 1852 இலேயே உடற்கூறு பற்றிய தமிழ் நூலொன்றை வெளியிட்டார். ஆயினும் மருத்துவ வகுப்புகள் ஆரம்பத்தில் ஆங்கிலத்திலேயே நடந்தன. விடுமுறையில் அமெரிக்கா சென்று 1862 இல் திரும்பிய பின், போதனா மொழியைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குப் போக, கிராமத்து நோயாளிகள் வைத்தியரின்றி இருந்ததே காரணம். ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வாசலாக இருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு.

தமிழில் கற்பிக்க நூல்கள் வேண்டியிருந்தன. தம்மிடம் கற்ற மாணவர்களின் துணையோடு அவர் பெரும் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்பன அவற்றுட் சில. ஒரு கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார். பின்பு வடமொழியில் தேடுவார். இரண்டிலும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவார். தமிழால் இயலாது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்யவில்லை. அதேவேளை, பொருந்தாத சொல்லைப் புகுத்தி மருத்துவத்தைப் பிழையாக்கவும் இல்லை.

அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் கற்றனர். அவர்கள் தம்மைப் போல உடுத்தி வெள்ளைக்காரராக மாறுவதை அவர் விரும்பவில்லை. தம் ஊர் உடையிலும் மொழியிலும் நிற்கும் நல்ல வைத்தியர்களையே விரும்பினார். தம்மைப் பின்பற்றுவோரைப் பார்த்து மகிழ்வது மனித இயல்பு. அந்த மகிழ்ச்சியை வேண்டாமென்று சொன்னதே அவருடைய பணிவு என எனக்குத் தோன்றுகிறது.

உடல்நலம் குன்றியதால் 1873 இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். 1884 இல் காலமானார். தமது கல்லறைக் கல்லில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதைப் பொறிக்கவே விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த நானும், என்னைப் போன்ற பலரும், நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கிறோம். விளங்காமலே தலையாட்டிவிட்டுப் போகிறார் எதிரில் இருந்த அம்மா. எம் கல்லூரி எமக்குத் தந்த கல்வியில் பெருமிதம் கொள்ள எமக்கு உரிமையுண்டு. ஆனால் அந்தக் கல்வி எம்மிடம் வருபவருக்கு விளங்கும் மொழியில் போய்ச் சேரவேண்டும். எந்தத் தொழிலில், எந்த நாட்டில் இருந்தாலும், நூற்றாண்டு காணும் எம் கல்லூரியின் பழைய மாணவியர் கிறீனிடம் கற்கக்கூடியது இதுவே.